கையகல உலகில் ஓர் உருண்டை வீரன்: கிர்பி விளையாட்டின் வரலாறு

வாயில்

கவிஞர் பெருமக்கள் கூடியெழுப்பும் பத்தாம் ஆண்டு மலரில் ஒரு விளையாட்டைப் பற்றிய வரலாற்றுக் கட்டுரைக்கு இடம் உண்டா என அன்பர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் யாப்பின் கட்டுப்பாட்டுக்குள் நின்று சொல்லைச் சிக்கனமாகச் செலவிடப் பழகியவர்களுக்கு இவ்வரலாறு முற்றிலும் அயலானதன்று. குறைந்த இடம், நிறமின்மை, சிற்றோசை ஆகிய கட்டுகளுக்குள் நின்று, கைப்பழக்கம் இல்லாதவரும் இறுதிவரை சென்று மகிழத்தக்க ஒரு படைப்பை ஜப்பானிய இளைஞர் ஒருவர் ஆக்கிய வரலாறு இது.

எளிமை கவிதைக்கு அணியா, ஊனமா என்னும் வழக்கு இலக்கியக் கூட்டங்களில் ஓயாது எழுவது. அவ்வழக்கு கவிதைக்கு மட்டும் உரியதன்று. 1992ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்த ‘கிர்பி’ என்னும் சிறு விளையாட்டின் மீதும் அதே வழக்கு தொடுக்கப்பட்டது. அங்கே அது எவ்வாறு தீர்ந்தது என்று காண்பது நமக்கும் பயன் தரும்.

பூச்சீட்டிலிருந்து பொறிக்கு

கியோட்டோ நகரில் 1889ஆம் ஆண்டு புசாஜிரோ யமவுச்சி என்பவர் ஒரு சிறு தொழிலைத் தொடங்கினார். ‘ஹனபுடா’ எனப்படும் பூச்சீட்டுகளைச் செய்து விற்பதே அத்தொழில். ஆண்டின் பன்னிரு திங்களுக்கும் ஒவ்வொரு பூவோ மரமோ குறிக்கப்பட்டு, திங்களுக்கு நான்கு சீட்டாக மொத்தம் 48 சீட்டுகள் கொண்டது அக்கட்டு. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு அட்டையில் ஒரு பருவத்தையே எழுதிக் காட்டும் கலை அது. அந்நிறுவனமே பின்னாளில் உலகெங்கும் பெயர்பெற்ற நிண்டெண்டோ.

அங்கே 1965ஆம் ஆண்டு குன்பெய் யோகோய் என்னும் பொறியாளர் பணியில் சேர்ந்தார். சீட்டு அச்சிடும் இயந்திரங்களைப் பேணுவது அவருக்கு இடப்பட்ட வேலை. ஓய்வு நேரத்தில் நீண்டு மடங்கும் ஒரு பொம்மைக் கையை அவர் தமக்காகச் செய்துகொண்டார். அதனைக் கண்ட நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமவுச்சி விற்பனைக்குக் கொண்டுவரப் பணித்தார். 1966இல் வெளிவந்த அப்பொம்மை பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. இயந்திரம் பேணுபவர் அன்றுமுதல் பொம்மை ஆக்குபவர் ஆனார்.

அவருடைய கொள்கை ஒரு சொற்றொடராக இன்றும் வழங்குகிறது. ‘வாடிய நுட்பத்தைப் பக்கவாட்டில் சிந்தித்தல்’ என அதனைத் தமிழில் சொல்லலாம். வாடியது என்றால் பயனற்றது என்று பொருளன்று. பலரும் கையாண்டு, குற்றங்குறை எல்லாம் தெரிந்து, விலையும் மலிந்துபோன நுட்பம் என்பதே பொருள். அத்தகைய நுட்பத்தை யாரும் எண்ணாத ஒரு பயனுக்குத் திருப்புவதே அவர் வழி. விரைவு இரயிலில் ஒரு பயணி பொழுதுபோகாமல் கணக்கிடும் பொறியின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டு, கையடக்க விளையாட்டுக்கான எண்ணம் அவருக்கு உதித்தது என்பர். அவ்வெண்ணமே 1980இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ என்னும் சிறு கருவியாக வடிவெடுத்தது. கணக்குப் பொறிக்குரிய மலிவான திரையே அதன் அரங்காயிற்று. 1982இல் அவ்வரிசையில் வந்த ‘டாங்கி காங்’ கருவியில், இடப்பெருவிரலால் நான்கு திசைக்கும் அழுத்தத்தக்க சிலுவை வடிவப் பொத்தான் அமைந்தது. பின்வந்த விளையாட்டுக் கருவிகள் பலவும் அவ்வமைப்பையே தழுவின.

நான்கு நிழல்கள்

இவற்றின் தொடர்ச்சியாக 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் ஜப்பானில் ‘கேம் பாய்’ வெளிவந்தது. யோகோயும் சதோரு ஒகதாவும் வழிநடத்திய குழுவின் படைப்பு அது. முந்தைய சிறு கருவி ஒவ்வொன்றிலும் ஒரே ஆட்டம் நிலையாக அடைபட்டிருந்தது. இதிலோ ஆட்டத்தைத் தாங்கிய சிறு பேழையை மாற்றி மாற்றிச் செருகலாம்.

அதன் திரையில் அகலவாட்டில் 160 புள்ளிகளும் உயரவாட்டில் 144 புள்ளிகளும் இருந்தன. ஆக மொத்தம் 23,040 புள்ளிகள். அவற்றுக்கு நிறம் இல்லை. பாசிபடர்ந்த பச்சையில் நான்கு அளவு அடர்த்தியே உண்டு. திரைக்குப் பின்னே விளக்கும் இல்லை. ஆதலால் ஆடுபவர் பகலொளியையோ வீட்டு விளக்கையோ தேடிச் சென்று அமரவேண்டும். ஓசைக்கு நான்கே தடங்கள். அவற்றுள் ஒன்று வெறும் இரைச்சலை எழுப்புவதற்கானது.

அதே ஆண்டில் அட்டாரி நிறுவனத்தின் ‘லின்க்ஸ்’ கருவியும், மறு ஆண்டில் சேகா நிறுவனத்தின் ‘கேம் கியர்’ கருவியும் வண்ணத் திரையோடும் உள்விளக்கோடும் வந்தன. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் பாய் ஏழைவீட்டுப் பிள்ளையைப் போலத் தோன்றும். ஆனால் அவை இரண்டும் ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்திலேயே தீர்த்துவிட்டன. கேம் பாயோ நான்கு மின்கலங்களைக் கொண்டு பத்து மணி நேரத்துக்கும் மேல் ஆடியது. விலையும் குறைவு. நிறத்தைத் துறந்ததனால் பெற்ற ஆயுள் அது. கேம் பாயும் அதன் வண்ண வடிவமும் சேர்ந்து, 2003இல் உற்பத்தி நிற்கும்வரை, உலகெங்கும் 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேல் விற்றன.

இசைநிறை தலைவன் ஆனது

இனி இக்கட்டுரையின் நாயகனிடம் வருவோம். ஹால் லேபரட்டரி என்னும் சிறு ஜப்பானிய நிறுவனத்தில், இருபது வயதும் நிரம்பாத மசாஹிரோ சகுராய் பணியில் சேர்ந்தார். அவர் 1970ஆம் ஆண்டு பிறந்தவர். கேம் பாய்க்கென ஒரு புதிய ஆட்டத்தை வகுக்கும் பணி அவரிடம் வந்தது. மேடைக்கு மேடை தாவிச் சென்று, எதிர்ப்படும் பகைகளை வென்று, இடமிருந்து வலமாகப் பயணம் செய்யும் ஆட்டவகை அது. வீடியோ விளையாட்டு உலகில் ‘பிளாட்ஃபார்ம்’ ஆட்டம் என்று அதனைக் குறிப்பர்.

ஆட்டத்தின் ஓட்டத்தைச் சோதித்துப் பார்க்கத் திரையில் ஏதேனும் ஓர் உருவம் வேண்டும். தலைவனை விரிவாக வரைவது பின்னர் ஆகட்டும் என்று கருதிய சகுராய், அதுவரைக்கும் ஓர் உருண்டையை வரைந்து வைத்தார். இரு கண், ஒரு வாய், இரு சிறு கை, இரு பாதம். அவ்வளவே. பதினாறு புள்ளி அகலம், பதினாறு புள்ளி உயரம் கொண்ட கட்டத்துக்குள் அவ்வுருவம் அடங்கிவிடும். நாள்தோறும் அதனை நடக்கவிட்டும் தாவவிட்டும் பார்த்தவருக்கு, வேறொரு தலைவன் தேவையில்லை என்று தோன்றிவிட்டது.

செய்யுளில் பொருள் குறித்து வாராது ஓசையை நிறைக்க வரும் சொல்லை நம் இலக்கணிகள் இசைநிறை என்றனர். இடத்தை நிறைக்க வந்த அவ்வுருண்டை ஒருவகை இசைநிறையே. இங்கே அது பாட்டின் பொருளாகவே ஆகிவிட்டது. காரணமும் இல்லாமல் இல்லை. நான்கு நிழல்களும் சில புள்ளிகளும் மட்டுமே கொண்ட திரையில் மீசை, தொப்பி, வாள், கவசம் ஆகியவற்றைத் தெளிவாகக் காட்டுவது அரிது. வட்டமோ எத்தனை சிறிதாயினும் வட்டமாகவே தெரியும். கண்ணிரண்டும் அதில் பளிச்சென நிற்கும். கட்டுப்பாடு எதை அனுமதித்ததோ அதுவே அழகாயிற்று.

அவர் பயன்படுத்திய கருவிகளும் எளியனவே. விசைப்பலகை கூட இல்லாமல், உருளும் பந்து ஒன்றைக் கையால் நகர்த்தி, திரையில் தோன்றும் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து அவ்வாட்டத்தை அமைத்ததாகச் சகுராய் 2017இல் வெளிப்படுத்தினார்.

ஆட்டத்தின் போக்கு

இவ்விளையாட்டை ஆடியறியாத அன்பர்களுக்காக அதன் போக்கைச் சுருங்கச் சொல்வது கடன். புபுபு என்னும் நாட்டின் உணவையெல்லாம் டெடெடெ என்னும் பெருவயிற்று அரசன் கவர்ந்து சென்றுவிடுகிறான். மக்களின் பசிக்காகக் கிர்பி புறப்படுகிறான். பசுவெளி, ஒரு கோட்டை, மிதக்கும் தீவுகள், முகிற்கூட்டம், அரசனின் மலை என ஐந்தே களங்கள்.

கிர்பியிடம் படைக்கலம் ஏதுமில்லை. அவனிடம் இருப்பது மூச்சு ஒன்றே. ஒரு பொத்தானை அழுத்தினால் வாயை அகலத் திறந்து காற்றோடு பகையையும் உள்ளிழுப்பான். மீண்டும் அழுத்தினால் உட்சென்றது விண்மீனாக வெளிப்பட்டு அடுத்த பகையை வீழ்த்தும். முதற்களத்தின் முடிவில் நிற்பது ஒரு முதுமரம். அது பழங்களை உதிர்த்துத் தாக்குகிறது. அப்பழங்களையே உள்ளிழுத்து அதன்மீதே உமிழ்ந்து வெல்லவேண்டும். நாலாம் களத்தின் முடிவில் எதிர்ப்படுவது ஒற்றைக்கண் முகில்.

மற்ற ஆட்டங்களிலிருந்து இதனைப் பிரித்துக் காட்டுவது பறத்தலே. சிலுவைப் பொத்தானை மேல்நோக்கி அழுத்தினால் கிர்பி காற்றை நிரப்பிக்கொண்டு பலூனாக உப்பி மிதப்பான். விரும்பும் நேரமெல்லாம் மிதக்கலாம். இவ்வாட்டவகையில் தாண்டவேண்டிய பள்ளமே பெரும்பகை. ஒரு நொடி பிந்தித் தாவினால் உயிர் போகும். அப்பள்ளத்தின் மேல் பழகாத கையும் மிதந்து கடக்கட்டும் என்று இங்கே விடப்பட்டது. ஒரு தாக்குதலில் மாண்டுபோகாமல் ஆறு தாக்குதல் வரை தாங்கும் வலிமையும் அவனுக்குத் தரப்பட்டது. ஒவ்வொரு களம் முடியும்போதும் அவன் ஆடிக்காட்டும் குறுநடனம், வென்றவர் சிறுவராயினும் முதியவராயினும் புன்னகையை வருவித்துவிடும். ஜுன் இஷிகாவா அமைத்த இசை, அந்த நான்கு தடங்களிலும் துள்ளி ஓடும்.

ஆட்டத்தை நிறுத்தி வைத்து மறுநாள் தொடரும் வசதி இதில் இல்லை. அது தேவைப்படவும் இல்லை. பழகியவர் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். ஒரே இருப்பில் தொடங்கி ஒரே இருப்பில் நிறைவது. முடிவில் கிர்பி மாபெரும் பலூனாக உப்பி, அரசனின் கோட்டையையே தூக்கிச் செல்கிறான். கவரப்பட்ட உணவு நாட்டாரிடம் திரும்புகிறது.

‘வீணாகலாகாது’ என்ற குரல்

இவ்வாட்டம் முதலில் ‘டிவிங்கிள் போபோ’ என்னும் பெயரில் ஹால் நிறுவனத்தின் சொந்த வெளியீடாகவே வருவதாக இருந்தது. விளம்பரமும் செய்தாயிற்று. வணிகர்களிடமிருந்து வந்த முன்பதிவு 26,000 அளவிலேயே நின்றது. அந்நிலையில் அதனைப் பார்த்த நிண்டெண்டோவின் ஷிகெரு மியாமோடோ, மரியோவைப் படைத்தவர், இதனை இப்படியே வெளியிட்டால் வீணாகிவிடும், இன்னும் சற்றுச் செப்பனிட்டால் சிறந்து விளங்கும் என்று தடுத்தார். முன்பதிவு பெற்ற ஆட்டத்தை நிறுத்துவது வணிக நோக்கில் வெட்கத்துக்குரியது. எனினும் நிறுத்தினர். திருத்தினர். பெயரை மாற்றி நிண்டெண்டோவின் வெளியீடாகக் கொணர்ந்தனர். 26,000இல் முடிந்திருக்க வேண்டிய ஆட்டம் 50 இலட்சத்துக்கு மேல் விற்றது.

இதன் பின்னணியில் இருந்த இடர் சிறிதன்று. அக்காலத்தில் ஹால் நிறுவனம் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. 150 கோடி யென் கடனோடு தள்ளாடிய அதற்கு, 1993இல் சதோரு இவாதா தலைவர் ஆனார். அவர் நிரல் எழுதுவதில் வல்லவர். அப்போது அவருக்கு அகவை 33. சில ஆண்டுகளில் கடன் முழுவதும் அடைக்கப்பட்டது. பின்னர் 2002இல் நிண்டெண்டோவுக்கே தலைவரான அவர், 2015ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் மறைந்தார். நிறுவனத்தின் மீட்சிக்கு ஓர் ஆட்டம் மட்டுமே காரணம் என்று சொல்வது மிகையாகும். ஆனால் அம்மீட்சிக்காலம் முழுதும் அந்த உருண்டை அவர்களோடு இருந்தது.

நிறமும் பெயரும்

திரையில் நிறமே இல்லாததால் ஒரு விந்தை நேர்ந்தது. கிர்பியின் நிறம் என்ன? படைத்தவர் மனத்தில் அது இளஞ்சிவப்பு. மியாமோடோ மஞ்சளாக இருக்கலாம் என எண்ணியிருந்தார். திரையைப் பார்த்து யாராலும் தீர்ப்புச் சொல்ல இயலாது. அமெரிக்காவில் வெளிவந்தபோது பெட்டியின் மேலட்டையில் கிர்பியை வெண்ணிறமாகவே அச்சிட்டுவிட்டனர். படைத்தவரின் இளஞ்சிவப்பு 1993இல் வீட்டுத் தொலைக்காட்சிக் கருவிக்கென வந்த அடுத்த ஆட்டத்தில்தான் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. அச்செழுத்தில் காணாத ஒன்றைப் பாடியவன் நெஞ்சம் மட்டும் அறிந்திருக்கும் நிலை கவிஞர்களுக்குப் புதியதன்று.

பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. ‘டாங்கி காங்’ ஆட்டம் தம் ‘கிங் காங்’ திரைப்படத்தின் நகல் என்று கூறி யுனிவர்சல் நிறுவனம் 1982இல் நிண்டெண்டோ மீது வழக்குத் தொடர்ந்தது. நிண்டெண்டோவுக்காக வாதாடி வென்றவர் ஜான் கிர்பி என்னும் அமெரிக்க வழக்கறிஞர். புதிய தலைவனுக்குப் பெயர் தேடியபோது பட்டியலில் இருந்த பெயர்களுள் கிர்பி என்பதும் ஒன்று. அவ்வழக்கறிஞரின் நினைவும் அதனைத் தேர்ந்தெடுக்கத் துணைநின்றது. நீதிமன்றத்தில் நின்று வாதாடிய ஒருவரின் பெயர், பசித்தவர்களுக்காகப் புறப்படும் ஒரு மென்மையான உருண்டைக்கு வந்து வாய்த்தது. ஜான் கிர்பி 2019இல் மறைந்தார்.

எளிமை மேல் தொடுத்த வழக்கு

ஆட்டம் வெளிவந்ததும் புகழோடு குறையும் எழுந்தது. மிகக் குறுகியது என்றனர். மிக எளியது என்றனர். வல்லவர்கள் வந்து தோற்று, மீண்டும் வந்து தோற்று, விரல் காய்த்தபின் வெல்வதே ஆட்டத்தின் சிறப்பு என்று அன்று பலர் கருதினர். அவர்கள் கூற்றை ஒதுக்கித் தள்ளுவதற்கில்லை. அருமையால் வரும் இன்பம் மெய்யான இன்பமே. சித்திரகவியை அவிழ்த்துப் பார்த்தவர்கள் அதனை மறுக்கமாட்டார்கள்.

சகுராய் இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்தவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. முதல் ஆட்டத்தை முடித்தவருக்கு இறுதியில் ஒரு குறிப்பு காட்டப்படுகிறது. தொடக்கத் திரையில் மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் அதே ஐந்து களங்களும் கடுமை கூடி மீண்டும் திறக்கும். பகைகள் விரைந்து வரும். அடி பலமாக விழும். வல்லவருக்குரிய அவ்வாட்டம் முதலிலிருந்தே உள்ளே இருந்தது. ஆனால் வாசலில் அது நிற்கவில்லை. புதியவரை உள்ளே அழைத்து, இறுதிவரை கொண்டுசென்று, வென்றாய் என்று சொன்ன பிறகே அக்கதவு காட்டப்பட்டது.

1993இன் இரண்டாம் ஆட்டத்தில் இன்னொரு வழி திறந்தது. விழுங்கிய பகையின் திறனைக் கிர்பி தனதாக்கிக்கொள்ளலாம். நெருப்பை விழுங்கினால் நெருப்பை உமிழலாம். வாளேந்தியவனை விழுங்கினால் வாளேந்தலாம். எளிதாகச் செல்ல விரும்புபவர் பறந்தே செல்லலாம். கைத்திறன் காட்ட விரும்புபவர் இத்திறன்களைப் பழகித் தேரலாம். எளியது எனும் குறைக்கு அவர் தந்த விடை இது. கதவைச் சாத்தாமலே அறைகளைக் கூட்டினார்.

அழகு, செல்லம், மழலை ஆகியன ஒன்றாகக் கலந்த தன்மையை ஜப்பானியர் ‘கவாயீ’ என்ற சொல்லால் குறிப்பர். அதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவோர் அங்கும் உண்டு. தலைவனையே பிள்ளையாக்கிப் பத்துப் பருவம் வகுத்துப் பாடிய பிள்ளைத்தமிழ் மரபினராகிய நாம் அவ்வாறு ஒதுக்க விரைதல் கூடாது. பிள்ளைமை பாடியதால் புலமை குறைந்ததாக நம் முன்னோர் எண்ணியதில்லை.

நிறைவு

குன்பெய் யோகோய் 1996இல் நிண்டெண்டோவை விட்டு விலகி, 1997ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சாலை விபத்தில் மறைந்தார். சகுராய் 2003இல் ஹால் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். கேம் பாயின் உற்பத்தியும் அவ்வாண்டே நின்றது. அந்த 1992ஆம் ஆண்டு ஆட்டமோ நிற்கவில்லை. புதிய கருவிகளுக்கெனப் பலமுறை மறுவெளியீடு கண்டு, 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘ஸ்விட்ச்’ கருவியிலும் வந்து சேர்ந்தது. வண்ணக் கருவிகள் எத்தனையோ வந்த பின்னரும் அந்த நான்கு நிழல்களில் அவ்வுருண்டை மிதந்து செல்வதைக் காண மக்கள் விரும்புகின்றனர்.

இவ்வரலாற்றிலிருந்து ஒன்றை எடுத்துச் சொல்லி அமையலாம். கிர்பி ஆட்டத்தின் எளிமை, ஆக்கியவருக்கு எளிதாக வந்ததன்று. பள்ளத்தின் மேல் ஒருவரைப் பறக்கவிட்டுவிட்டு, அதன்பின்னும் ஆட்டம் சுவையாக இருக்கச் செய்வது, பள்ளத்தை வெட்டி வைப்பதினும் அரிய வேலை. வெளிவரவிருந்ததை நிறுத்தித் திருத்திய பொறுமையும் அதற்குத் தேவைப்பட்டது.

நம் வட்டம் பத்தாண்டு நிறைந்து நிற்கிறது. மரபின் அருமையும் சொல்லின் நுட்பமும் அறிந்தவர்கள் இங்கே பலர். அவை நமக்கு வேண்டும், இன்னும் வேண்டும். ஆனால் முதற்கவிதையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, படிக்கலாமா வேண்டாமா என்று கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். அவர் தாண்டவேண்டிய பள்ளம் எத்துணை அகலமாக இருக்கவேண்டும் என்பதை வகுப்பவர்கள் நாம்தான். பதினொன்றாம் ஆண்டில் அதனை நாம் ஒருமுறை அளந்து பார்த்தல் நன்று.